சரணாகதி: சொல் விளக்கம்

"ஆண்டவரிடம் சரண்டர் ஆகிவிடுங்கள்" என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். மரபாகப் பேசுகிறவர்கள் "சரணாகதி அடையுங்கள்" என்பார்கள். சரண்டர் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். விட்டுக்கொடுத்தல், கையளித்தல் என்று பொருள். கோட்டையை இழந்த படையும் தேடப்படும் குற்றவாளியும் செய்வது அது என்பதால், தோல்வியின் சாயல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரணாகதி வடசொல். சரணம் என்றால் புகலிடம். ஆகதி என்றால் வந்து சேர்தல். பாதத்தைக் குறிக்கும் சரணம் வடமொழியில் வேறு எழுத்தில் தொடங்கும் வேறு சொல். தமிழில் இரண்டையும் ஒன்றுபோல் எழுதுவதால், காலில் விழுவதே சரணாகதி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

சரணாகதிக்கு எதிரே நிற்பது ஆண்டவரோடு பேசும் பேரம். பேரத்துக்கு அருகில் வரும் வேதாகமச் சொல் 'பொருத்தனை', அதாவது ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளுதல். எபிரெயத்தில் 'நெதெர்'. பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனையைக் கவனித்துப் படிக்க வேண்டும். தேவன் என்னோடு இருந்து, வழியில் காத்து, உணவும் உடையும் தந்து, தகப்பன் வீட்டுக்குத் திரும்பச் செய்தால் அவர் எனக்குத் தேவனாயிருப்பார், பத்தில் ஒரு பங்கு செலுத்துவேன் என்கிறான். ஆனால் முந்தைய இரவின் கனவிலேயே, உன்னோடு இருப்பேன், போகும் இடமெல்லாம் காப்பேன், திரும்பி வரச்செய்வேன் என்று ஆண்டவர் எந்த நிபந்தனையும் வைக்காமல் வாக்களித்திருந்தார் (ஆதியாகமம் 28:15). இலவசமாகக் கிடைத்ததற்கு யாக்கோபு விலை பேசுகிறான். நம் ஜெபங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தமே. யெப்தாவின் பொருத்தனை இன்னும் கொடியது. போரில் வென்று திரும்பினால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்றான்; எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். பிள்ளையில்லாத அன்னாளின் பொருத்தனையை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க மனம் வரவில்லை. அவளும் நிபந்தனையோடுதான் கேட்டாள். ஆனால் கேட்டுப் பெற்ற பிள்ளையையே ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாள்.

பேரம் வேண்டாம் என்றால் எதையுமே கேட்கக்கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். அது தவறு. சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்க வேண்டும் என்று கேட்டார். கேட்டபின் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். பதிலுக்கு எதையும் தருவதாக அவர் சொல்லவில்லை. தீச்சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அப்படியே: எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உமது சிலையை வணங்கமாட்டோம் என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சொன்னார்கள்.

சரி, சரண்டருக்கும் சரணாகதிக்கும் பதிலாகத் தமிழில் எந்தச் சொல்? வினையாக 'ஒப்புவித்தல்', 'ஒப்புக்கொடுத்தல்' இரண்டும் வேதாகமத்தில் ஊன்றியவை. சிலுவையில் இயேசு "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்றது 31ஆம் சங்கீதத்தின் வரி. அங்குள்ள எபிரெய வினைக்கு, பாதுகாப்புக்காக ஒருவரிடம் கொடுத்துவைத்தல் என்ற பொருள் உண்டு.

பெயர்ச்சொல்லாக 'அடைக்கலம்' என்பதையே பரிந்துரைப்பேன். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்னும் 46ஆம் சங்கீதத்தால் புகலிடம் என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் பேணி வளர்த்த ஆலயத்தின் அன்னைக்கும் அடைக்கல மாதா என்றே பெயர். ஆனால் பழந்தமிழில் காப்பவரிடம் ஒப்படைத்த பொருளும் அடைக்கலமே. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலப் பெண் மாதரியிடம் அப்படித்தான் ஒப்படைக்கிறார். அந்த அடைக்கலத்தை இழந்ததும் மாதரி தீயில் புகுந்தாள். காக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றுக்கொண்டவருடையது; கொடுத்தவர் ஈடு எதுவும் பேசுவதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்தப் பொருளில்தான்: தாம் ஒப்புக்கொடுத்ததை அந்நாள்வரைக்கும் காத்துக்கொள்ள ஆண்டவர் வல்லவர் என்று (2 தீமோத்தேயு 1:12).