எமான்சிபேஷன் பிரகடனம்: சட்டமா, ஆணையா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, பிரிந்துபோன தென் மாநிலங்களின் அடிமைகளை விடுவித்து ஜனாதிபதி லிங்கன் வெளியிட்டது எமான்சிபேஷன் பிரகடனம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் அந்தச் சொல். லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை, 'காப்பெரே' என்றால் பிடிப்பது. கையால் பிடித்து உடைமையாக்கியது 'மான்சிபியம்'. ரோமில் அடிமைக்கும் அதே பெயர். அந்தப் பிடியை விடுவது எமான்சிபேஷன். வேடிக்கை என்னவென்றால், ரோமச் சட்டத்தில் அது தகப்பன் பிள்ளையைத் தன் அதிகாரத்திலிருந்து விடுவிப்பது. அடிமையை விடுவிப்பதற்கு 'மானுமிஸ்ஸியோ' என்று தனிச்சொல். 16 வயதான மைனரைப் பெற்றோர் அதிகாரத்திலிருந்து விடுவிப்பதைப் பிரெஞ்சுச் சட்டம் இன்றும் 'எமான்சிபஸியோன்' என்றே சொல்கிறது.

தமிழில் 'விடுதலை' பொருந்தும். தனியாக விட்டால்தான் குழப்பம். புதுச்சேரியில் விடுதலை நாள் என்றால் 1954 நவம்பர் 1. கடலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்றால் கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பாகத்தை விட்டுக்கொடுப்பது. ஆகவே முன்னால் 'அடிமை' வேண்டும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சுந்தரரை மடக்கிய ஆளோலைக்கு, அதாவது அடிமைச் சாசனத்துக்கு, நேர் எதிரான தாள் லிங்கனுடையது.

'பிரகடனம்' வடசொல். 'அறிவிப்பு' என்றால் சப்பென்றிருக்கிறது. தேர்வுக் குறிப்புகளில் 'சட்டம்' என்று எழுதுவது தவறு. 1863 ஜனவரி 1-ல் லிங்கன் கையெழுத்திட்டது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமல்ல. தரைப்படை, கடற்படைத் தலைமைத் தளபதியாகப் போட்ட போர்க்கால ஆணை. (முப்படை என்று எழுதிவிடாதீர்கள், விமானமே இல்லாத காலம்.)

அவருடைய சொந்த நம்பிக்கை எங்கே அடங்கியது, எங்கே புகுந்தது என்பது இந்த வேறுபாட்டில்தான் தெரிகிறது. அடிமைமுறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை என்று 1864-ல் எழுதியவர், அந்த எண்ணப்படி இஷ்டத்துக்கு நடக்கப் பதவி உரிமை தரவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார். 1861-ல் மிசூரியில் தளபதி ஃப்ரெமாண்ட் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளை விடுவித்தார். அடிமைமுறை இருந்தும் பிரிந்துபோகாத கென்டக்கி மாநிலம் கைநழுவிவிடும் என்று லிங்கன் அதை ரத்து செய்தார். 1862 மே மாதம் இன்னொரு தளபதி ஹன்ட்டர் போட்ட விடுதலை ஆணைக்கும் அதே கதி. ஆனால் எப்போது வெளியிடுவது என்பதில் பக்தி குறுக்கிட்டது. கிளர்ச்சித் தளபதி லீயின் படை மேரிலாந்தை விட்டு விரட்டப்பட்டால் வெளியிடுவதாகக் கடவுளிடம் நேர்ந்துகொண்டதாக அமைச்சரவையிடம் சொன்னார். அமைச்சர்கள் சேஸ், வெல்ஸ் இருவரின் நாட்குறிப்புகளிலும் இது இருக்கிறது. செப்டம்பர் 17-ல் லீயைப் பின்வாங்க வைத்த ஆன்டீட்டம் சண்டை, 22-ல் பிரகடனத்தின் முன்னறிவிப்பு.

போர் ஆணை என்பதால் கிளர்ச்சிப் பகுதிக்கு மட்டுமே அது செல்லும். பிரிந்துபோகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி மாநில அடிமைகளுக்கு அதில் இடமில்லை; டென்னசியும் லூசியானாவின் 13 பாரிஷ்களும் (அங்கே மாவட்டத்துக்கு அந்தப் பெயர்) விலக்கு. போர் முடிந்தபின் நிற்குமா என்ற கவலை லிங்கனுக்கே இருந்தது. நாடு முழுக்க ஒழித்தது 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்.

'அடிமை விடுதலை ஆணை' என்று எழுதுங்கள். 'அடிமை ஒழிப்பு' அந்தத் திருத்தத்துக்கு உரியது.