காலையில் பசிக்கிறதா உங்களுக்கு?

எடை குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால், அவர்கள் வாயைத் திறக்கும் முன் பதிலை நானே எழுதிவிடலாம். "ரொம்பக் கம்மிதானுங்க டாக்டர். நைட்டு ரெண்டே ரெண்டு தோசை." யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. தோசை எத்தனை என்பது நினைவில் நிற்கும். தோசைக்கு முன்னால் அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டுக்கொண்டது நிற்காது. அதனால் இப்போதெல்லாம் நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். "காலையில எந்திரிச்சா பசிக்குதுங்களா?"

பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பசியா? பதினோரு மணி வரைக்கும் காபியே போதுமுங்க" என்பார்கள். சிலர் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்தப் பதில் காலையைப் பற்றியதே கிடையாது, முந்தின நாள் ராத்திரியைப் பற்றியது.

திருப்பூரில் வைத்தியம் பார்ப்பதால் இது எனக்கு அதிகமாகவே கண்ணில் படுகிறது. இங்கே பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் சர்வசாதாரணம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. ஆர்டர் நெருக்கினால் அதுவும் நீளும். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில், எடை மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கிறது, தூக்கம் சரியில்லை. சாப்பாட்டுக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு வாரத்துக்கு வாய்க்குள் எது போனாலும் மணியோடு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தார். ஒரு நாளின் கணக்கு இது:

ஐந்தேகால் காபி. எட்டு மணிக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு டப்பா கட்டவே நேரம் சரியாக இருக்கிறது. பதினொன்றுக்கு டீ, ஒரு பன். ஒரு மணிக்கு டப்பாவில் பாதிச் சோறு. ஐந்தரைக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும். ஒன்பது மணிக்கு, குழம்பு கொதிக்கும்போது ஒரு கை மிக்சர், அப்புறம் இன்னொரு கை. பத்தேகாலுக்குச் சோறு, மத்தியானம் மிச்சமானதையும் சேர்த்து. பதினொன்றுக்குப் படுக்கை. கடைசி வரி நான் கேட்காமலே அவர் சேர்த்தது: "ரெண்டு மணி, நெஞ்சு எரிஞ்சுது, தண்ணி குடிச்சேன்."

முதல் காபிக்கும் கடைசிக் கவளத்துக்கும் நடுவே பதினேழு மணி நேரம். உருப்படியான சாப்பாடு என்று சொல்லத்தக்கதில் பெரும்பங்கு ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில் போயிருக்கிறது. இதை ஒழுக்கக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஷிப்டும் அடுப்பும் இப்படி அமைந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். மூளையில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்களும் உண்டு. அவை முக்கியமாகச் சாப்பாடு வரும் நேரத்தைப் பார்த்து ஓடுகின்றன. இந்தக் கடிகாரங்களை ஓட்டும் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரி பத்தேகாலுக்குச் சோறு உள்ளே போனால், மூளை "பொழுது முடிந்தது" என்கிறது, கல்லீரல் "இன்னும் லோடு வருகிறதே" என்கிறது. கட்டிங் ஒரு ஷிப்டிலும் தையல் வேறு ஷிப்டிலும் ஓடும் கம்பெனி மாதிரி, இரண்டு பக்கமும் வேலை நடக்கும், பண்டல் மட்டும் தேங்கும்.

தேங்குவது முதலில் சர்க்கரை. நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் சுரக்கத் தொடங்கிவிடும். தூக்கத்துக்கான ஹார்மோன் என்று அதைப் பலருக்கும் தெரியும். கணையத்தில் இன்சுலின் சுரப்பதையும் அது மட்டுப்படுத்தும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதே உணவைக் காலையில் கொடுத்தும் மாலையில் கொடுத்தும் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், மாலைச் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை சுமார் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவு மாறவில்லை, மணி மட்டும் மாறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உடல் கடிகாரம் பசியை மூட்டுவது நேர் எதிராக. வெளிச்சம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, இயல்பான பசி காலை எட்டு மணி வாக்கில் அடிமட்டத்திலும், இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. சோற்றைச் சிறப்பாகச் செரித்துக் கையாளும் நேரத்தில் பசி இல்லை. கையாளத் திணறும் நேரத்தில் பசி கொழுந்துவிடுகிறது. ராத்திரியில் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போவதை மன உறுதி இல்லாததன் அடையாளம் என்று திட்டிக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன். காலையில் இயற்கையாகவே பசி மந்தம். அதன் மேல் பத்தரை மணிச் சோறும் வயிற்றில் கிடந்தால், இருக்கிற கொஞ்சப் பசியும் அணைந்துபோகும். காலைச் சாப்பாடு தவறும், மத்தியானம் பாதியாகும், மறுபடி எல்லாம் ராத்திரியில் வந்து விழும். இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும்.

சரி, நேரத்தை மாற்றினாலே எடை இறங்கிவிடுமா? யூடியூபில் கேட்டால் இறங்கும் என்பார்கள். ஆய்வுகளைக் கேட்டால் பதில் அவ்வளவு நேராக இல்லை. ஸ்பெயினில் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த 420 பேரை 20 வாரம் கவனித்தார்கள். மூன்று மணிக்குப் பிறகு மதிய உணவு சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிட்ட அளவும் தூங்கிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், எடை குறைவாகவே இறங்கியது. 2022இல் பாஸ்டனில் 16 பேரை மட்டும் வைத்து மிகக் கவனமாகச் செய்த ஆய்வில், அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் குறைந்தது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சற்றுக் குறைந்தது. ஆனால் அதே 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 30 பேருக்குக் காலையில் பெரிய உணவும், பின்னர் மாற்றி இரவில் பெரிய உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை இரண்டு முறையிலும் ஒரே அளவில்தான் இறங்கியது. வித்தியாசம் பசியில் மட்டும்: காலையில் நன்றாகச் சாப்பிட்டபோது நாள் முழுவதும் பசி குறைவு.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது இது. ஆய்வகத்தில் தட்டை அளந்து வைப்பதற்கு ஆள் இருக்கிறார். அங்கே பசி கூடினாலும் இரண்டாவது தட்டு வராது. நம் வீட்டில் அளவைத் தீர்மானிப்பது பசிதான். அதனால் பசியைக் குறைக்கும் எதுவும் இங்கே எடையையும் தொடும். நேரத்துக்கு மந்திர சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை.

இதே காரணத்தால்தான், மத்தியானம் பன்னிரண்டு வரை பட்டினி கிடந்து "பதினாறு எட்டு" (பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு) பண்ணுகிறேன் என்று வருபவர்களிடம் எனக்கு உற்சாகம் வருவதில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களுக்கும், அதே அளவு குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு அது பழக்கத்தில் வசதியாக இருந்தால் செய்யட்டும். ஆனால் காலைச் சாப்பாட்டை வெட்டி ராத்திரியைப் பெரிதாக்கும் முறையைவிட, ராத்திரியை முன்னுக்கு இழுக்கும் முறையே மேல் என்பது என் கருத்து. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கும் சமணர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காரணம் வேறு, உயிர்க்கொலை தவிர்ப்பது. நான் ஆறு மணிக்கே அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை.

தூக்கத்துக்கு வருவோம். ஏனென்றால் அந்த அம்மாவின் தாளில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி இரண்டு மணி நெஞ்செரிச்சல்தான். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால், உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து அமிலம் மேலே ஏறும். உட்கார்ந்திருக்கும்போது பூமி இழுப்பு அதைக் கீழே வைத்திருக்கும், படுத்தால் அந்த உதவி போய்விடும். சிலர் எழுந்து தண்ணீர் குடிப்பார்கள். சிலர் முழுதாக விழிக்காமலே புரண்டுகொண்டிருப்பார்கள். "நல்லாத்தான் தூங்கினேன், ஆனா அசதி தீரலை" என்று வருபவர்களில் இவர்களும் உண்டு. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, முடிந்தால் மூன்று மணி நேரம் விடச் சொல்வது இதற்காகத்தான்.

கெட்ட தூக்கம் மறுநாள் தட்டில் கணக்குத் தீர்க்கும். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. அதே ஊரில் பின்னால் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேரில் பாதிப் பேருக்குத் தூக்க நேரத்தைக் கூட்ட மட்டும் வழி சொன்னார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு தோசை.

அந்த அம்மாவுக்கு நான் மாற்றச் சொன்னது ஒரே நேரத்தை, ஐந்தரையை. டீக்கடை பஜ்ஜிக்குப் பதிலாக வீட்டிலிருந்தே ஒரு டப்பா: ஒருநாள் சுண்டல், ஒருநாள் பச்சைப்பயறு, ஒருநாள் இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும். ராத்திரிச் சாப்பாட்டின் பாதியை அங்கே நகர்த்திவிடுவதுதான் யோசனை. "ரெண்டு டப்பா தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்கங்க" என்றார். கொஞ்ச நாளில் பக்கத்து டேபிள் அக்காவும் கொண்டுவர ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரும்பசி இல்லாததால் மிக்சர் டப்பா தானாக நின்றது. வந்தவுடன் ஒன்பதரைக்குள் ஒரு கரண்டி சோறு, ரசம், பொரியல், மோர். முதலில் போனது நெஞ்செரிச்சல். அப்புறம் வந்தது காலைப் பசி, ஏழரைக்கு நின்றபடியாவது இரண்டு இட்லி. எடை கடைசியாகத்தான் அசைந்தது, அதுவும் கொஞ்சமாக. முதல் மாதத்தில் தராசை மட்டுமே பார்த்திருந்தால் அவர் விட்டிருப்பார்.

எல்லோருக்கும் இதே திட்டம் பொருந்தாது. சீரியல் முடியட்டும் என்று காத்திருந்து பத்து மணிக்குச் சாப்பிடும் குடும்பத்துக்கு வழி இன்னும் எளிது. வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னுக்கு இழுத்தால் போதும், சீரியலைச் சாப்பிட்ட பிறகும் பார்க்கலாம். ஒரே நாளில் ஏழு மணிக்கு மாற்றினால் பத்து மணிக்கு மறுபடி பசித்து இரண்டாவது சாப்பாடு நடக்கும். மாலை ஆறு மணிக் காபி பிடித்தவர்களுக்கு: காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். "ராத்திரி டிபன்தானே, லேசான சாப்பாடு" என்கிறவர்களுக்கு: தேங்காய்ச் சட்னியோடு ஐந்து தோசை எந்த மணிக்கும் லேசு கிடையாது.

நூற்பாலை, சாயப்பட்டறை, மருத்துவமனை என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களின் கணக்கு தனி. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு வேலை போலவே 19 பேரை விழிக்க வைத்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. தூக்க நேரம் மாறினாலும் சாப்பாட்டைப் பகலிலேயே வைத்துக்கொண்டவர்களுக்கு ஏறவில்லை. நடைமுறையில் நான் சொல்வது: ஷிப்டுக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாடு, நடுச்சாமத்தில் கேன்டீன் பரோட்டாவுக்குப் பதிலாகப் பசி அடங்கும் அளவுக்கு மோர், வாழைப்பழம், கொஞ்சம் கடலை, காலையில் வந்ததும் மிதமான டிபன், பிறகு இருட்டறையில் தூக்கம்.

இவற்றில் எதையும் தொடங்கும் முன் சிலர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் இரவு உணவைத் திடீரென்று பாதியாக்கினால் நடு ராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்; மருந்தின் அளவையும் நேரத்தையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் நீண்ட இடைவெளி விட வேண்டாம். குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக வீட்டில் இருப்பவர்கள் சொன்னால், சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதற்குத் தூக்கப் பரிசோதனை தனியாக இருக்கிறது. வரும்போது கூடப் படுப்பவரையும் அழைத்து வாருங்கள்; உங்கள் குறட்டையைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.