வாரைத் தளர்த்தும் நொடியில்தான் குதிரை படிக்கிறது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் வண்டி நிற்காது. ஓட்டுபவர் மல்லாந்து சாய்ந்து, இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்திருப்பார். குதிரையோ வாயைப் பிளந்துகொண்டு ஓடும். அடங்காத குதிரை என்று அதன் மேல் பழி விழும். இத்தனை வருடம் குதிரைகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாயை மரத்துப்போக வைத்தது மனிதக் கைதான்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். எலும்புக்கு மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கும் இடம், நரம்புகள் நிறைந்தது. வாரை இறுக்கினால் அங்கே அழுத்தம் விழுகிறது. அதிலிருந்து தப்பிக்கக் குதிரை பலதையும் செய்து பார்க்கும். தலையைத் தூக்கும், வாயைத் திறக்கும், வேகத்தைக் கூட்டும், ஒரு கட்டத்தில் குறைக்கும். எதைச் செய்தபோது அழுத்தம் விலகியதோ, அதையே சரியான விடை என்று அதன் மூளை பதிவு செய்துகொள்கிறது. உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்கிறார்கள்.

ஆக, பாடம் இழுப்பில் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது. வேகம் குறைந்த அந்த நொடியே வார் தளர வேண்டும். சற்றுத் தாமதித்தாலும், அதற்குள் குதிரை தலையை ஆட்டியிருக்கும்; தலையை ஆட்டினால் விடுதலை என்று கற்றுக்கொண்டுவிடும். விடவே இல்லை என்றால் இன்னும் மோசம். நின்றாலும் வலி, ஓடினாலும் வலி என்றானபின் இழுப்புக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அப்புறம் இன்னும் பலமாக இழுப்பது, இன்னும் கடுமையான கடிவாளம் மாட்டுவது என்று விஷயம் முற்றுகிறது.

ஏறி ஓட்டுபவர் குதிரையை நகர்த்த அதன் விலாவில் அழுத்தும் குதிகாலுக்கும் இதே கணக்குதான். முதுகில் ஈ உட்கார்ந்தாலே உணர்ந்து, தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணி அது. அடிக்கு ஓர் உதை கொடுத்தால்தான் நகர்கிறது என்றால், லேசாகத் தொட்டபோது அது நகர்ந்ததை யாரோ கவனிக்கத் தவறியிருக்கிறார்கள்.

வாரைத் தளர்த்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பார்வை. குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் மறைவு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது மூக்கு நீட்டியிருக்கும் திசையில்தான். தாடை நெஞ்சில் முட்டும்படி இழுத்துப் பிடித்தால், பாவம், அதற்குத் தெரிவது காலடி மண்தான். தூரத்தைப் பார்க்க அது தலையை உயர்த்தியாக வேண்டும். நம்மூர் அய்யனார் கோயில்களில் புரவி எடுப்புக்குச் செய்து வைக்கும் மண்குதிரைகள் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வேளார்கள் உயிருள்ள குதிரையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

சித்திரை வெயிலிலிருந்து இருட்டான ஓட்டுக் கொட்டகைக்குள் நுழையக் குதிரை மறுப்பதும் பிடிவாதத்தால் அல்ல. மங்கிய ஒளியில் நம்மைவிட அது நன்றாகப் பார்க்கும். ஆனால் வெளிச்சம் சட்டென்று மாறினால், கண் பழகுவதற்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். வாசலில் சற்று நிற்க விடுங்கள். சாட்டை தேவைப்படாது.

மேலே உட்கார்ந்திருப்பவரின் உடம்பையும் குதிரை படிக்கிறது. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பேரெடுத்தது. விடை எண்ணைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் 1907இல் சோதித்து ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசைந்தது. அதைப் பார்த்தே குதிரை தட்டுவதை நிறுத்தியது. 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும் அடுத்த முறை ஒரு குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. லாரி எதிரே வரும்போது நீங்கள் இறுகினால், குதிரை ஏன் மிரளாது?

சரி, மரத்துப்போன வாயை எப்படி மீட்பது? முதலில் நிற்க வைத்தே பழக்குங்கள். ஒரு வாரை மட்டும் லேசாகப் பிடித்துக் காத்திருங்கள். தாடை இளகியதும் உடனே விடுங்கள். அது பிடிபட்டதும் நடையில் செய்யுங்கள். ஏறி உட்கார்ந்திருக்கும்போது, முதலில் மூச்சை விட்டு இடுப்பசைவை நிறுத்துங்கள். நிற்கவில்லை என்றால் மட்டும் வார். சில நாளில் வார் தேவைப்படும் முன்பே நிற்கத் தொடங்கும். பெருநடையும் பாய்ச்சலும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் போதும், நன்றாகச் செய்ததோடு நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வருடக்கணக்கில் மேலெழும்பிக்கொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் மேற்பல்லின் வெளி ஓரம் தேயாமல் கத்தி போலக் கூர்மையாகி, கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். அரத்தால் ராவினால் சரியாகிவிடும். தலையை ஆட்டுவதும், கொள்ளைப் பாதி மென்று கீழே துப்புவதும் அதன் அறிகுறிகள். உள்ளே புண் இருந்தால், அது ஆறும்வரை கடிவாளமே வேண்டாம்.