குறைப்பது எளிது, காம்பைக் காப்பதே கடினம்: மார்பகக் குறைப்பு அறுவை எப்படி நடக்கிறது?

மார்பகக் குறைப்பு அறுவையின் முக்கியமான முடிவுகள் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, அவர் நிமிர்ந்து நிற்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகின்றன. அறுவை நிபுணர் மைப் பேனாவால் நெஞ்சின் நடுக்கோட்டை வரைகிறார். கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை உள்ள தொலைவை இரு பக்கமும் அளக்கிறார். மார்பகத்துக்கு அடியில் தோல் மடியும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தை முன்புறத் தோலில் குறித்து, புதிய காம்பு அங்கேதான் வர வேண்டும் என்று புள்ளி வைக்கிறார். படுக்கவைத்துவிட்டால் மார்பகம் இரு பக்கமும் சரிந்து இந்த அளவுகள் எல்லாம் மாறிவிடும் என்பதால், மேசையில் கத்தி செல்ல வேண்டிய பாதையை நின்ற நிலையில் போட்ட கோடுகளே சொல்கின்றன.

இந்த அறுவையை அழகுக்கான செலவு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் எடைக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ எடை முதுகெலும்புக்கு ஏறத்தாழ 15 செ.மீ. முன்னால் தொங்குகிறது, உடலை முன்னே சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்பின் அச்சிலிருந்து 5 செ.மீ. அளவே பின்னால் இருக்கிறது. நெம்புகோலின் விதிப்படி அந்தத் தசை 2 கிலோவுக்கு மும்மடங்கு, அதாவது 6 கிலோ அளவுக்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து வலியும் தோள்பட்டை வலியும் இங்கிருந்துதான் வருகின்றன. பிரா பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் பள்ளம் விழுந்தவர்கள் உண்டு. சிலருக்குக் கை மரத்தும் போகும். சென்னையின் புழுக்கம் இதோடு இன்னொரு துன்பத்தையும் சேர்க்கிறது. மார்பகத்தின் அடிமடிப்பில் வியர்வை ஆறாமல் தேங்க, தோலோடு தோல் உரசிப் புண்ணாகி, அந்த ஈரத்தில் பூஞ்சை படர்கிறது. கத்திரி வெயிலில் களிம்பும் பவுடரும் போட்டு ஆற்றிய புண், தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் நின்றபடி ஒருநாள் போய்வந்தாலே திரும்பிவிடும்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் முதலில் கிடைக்கும் அறிவுரை "உடம்பைக் குறை" என்பதுதான். அது எப்போதும் நியாயமான அறிவுரை அல்ல. மார்பகத்தில் பால் சுரப்பித் திசுவும் கொழுப்பும் கலந்திருக்கும் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். கொழுப்பு மிகுந்தவருக்கு எடை குறைந்தால் மார்பகமும் ஓரளவு குறையும். சுரப்பித் திசு மிகுந்தவருக்கு உடல் மெலிந்தாலும் மார்பகம் அப்படியே நிற்கும். பதின்பருவத்தில் ஹார்மோனுக்கு அளவு கடந்து எதிர்வினை காட்டி வளர்ந்துவிட்ட மார்பகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் உணவுப் பழக்கத்தைக் குறை சொல்வதில் பொருளே இல்லை.

இனி அறுவைக்கு வருவோம். திசுவை வெட்டி எடுப்பது கடினமான காரியம் அல்ல. பெருத்த மார்பகத்தில் காம்பும் அதைச் சூழ்ந்த கருவட்டமும் பல செ.மீ. கீழே இறங்கியிருக்கும், அவற்றை மேலே ஏற்ற வேண்டும், ஏற்றும்போது அவற்றுக்கான ரத்த ஓட்டமும் உணர்வு நரம்பும் அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மார்பகத்துக்கு ரத்தம் பல வழிகளில் வருகிறது. மார்பெலும்பின் ஓரமாக இறங்கும் உள்மார்புத் தமனியின் கிளைகள் உட்பக்கத்திலிருந்தும், அக்குள் பக்கத்துத் தமனி வெளிப்பக்கத்திலிருந்தும், விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் தமனிகளின் கிளைகள் மார்புத் தசையைத் துளைத்து அடியிலிருந்தும் வருகின்றன. காம்பின் உணர்வைப் பெரும்பாலும் நான்காவது விலா இடைவெளி நரம்பின் கிளையே சுமக்கிறது. இத்தனை வழிகள் இருப்பதால்தான் சிலவற்றை வெட்டினாலும் மற்றவற்றைக் கொண்டு காம்பை உயிரோடு வைத்திருக்க முடிகிறது.

ஆகவே அறுவை நிபுணர் முதலில் தீர்மானிப்பது எதை எடுப்பது என்பதை அல்ல, எதை விட்டுவைப்பது என்பதை. காம்பைத் தாங்கியபடி உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு திசுப் பாலத்தை அவர் குறித்துக்கொள்கிறார். மருத்துவர்கள் அதைப் பெடிக்கிள் என்பார்கள். கீழிருந்து வரும் பாலம், மேலிருந்தும் உட்பக்கத்திலிருந்துமாக வரும் பாலம் என்று பல வகைகள் உண்டு. பாலத்தின் மேல்தோலை மட்டும் மெல்லிய படலமாகச் சீவி நீக்கிவிட்டு, அதன் அடித்தோலை அப்படியே விட்டுவிடுவார்கள். காம்பிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் நுண் சிரைகளின் வலை அந்த அடித்தோலை ஒட்டியே இருக்கிறது என்பதுதான் காரணம். அடித்தோலைக் காப்பதன் அவசியத்தை 1930-இல் ஷ்வார்ஸ்மான் என்ற அறுவை நிபுணர் எடுத்துக் காட்டினார். அதற்கு முன், 1922-இல் மாக்ஸ் தோரெக் விவரித்த முறையில் காம்பை முழுவதுமாக எடுத்து, தோல் ஒட்டு வைப்பதுபோலப் புதிய இடத்தில் பதித்தார்கள். மிகப் பெரிய மார்பகங்களிலும், பாலம் நீண்டு ரத்தம் எட்டாது என்று அஞ்சும் இடங்களிலும் அந்தப் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் அதில் பால் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும், உணர்வும் பெரும்பாலும் குறையும்.

பாலத்தைச் சுற்றியுள்ள மிகுதித் திசுவை வெட்டி எடுத்த பிறகு பாலத்தை மடித்து உயர்த்திக் காம்பைப் புதிய புள்ளியில் பொருத்துகிறார்கள். மருத்துவர் பதற்றத்தோடு பார்க்கும் நேரம் இது. மடிப்பு இறுகிச் சிரைகள் நெரிந்தால் ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. காம்பு கருநீலமாக மாறும். அப்படி மாறினால் போட்ட தையலைப் பிரித்து, பாலத்துக்கு இடம் தளர்த்திக் கொடுப்பதுதான் வழி.

தோலை எப்படி மூடுவது என்பது அடுத்த கேள்வி. 1956-இல் ராபர்ட் வைஸ், பிரா தைக்கும் துணி வெட்டை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு தோல் அச்சை வகுத்தார். தட்டையான துணியைக் குவிந்த வடிவமாக்க ரவிக்கை தைப்பவர் டார்ட் பிடிப்பதும் இதுவும் அடிப்படையில் ஒரே கணிதம். இம்முறையில் தழும்பு கருவட்டத்தைச் சுற்றி, அங்கிருந்து நேர்கீழாக, பின் அடிமடிப்பு நெடுகிலும் நங்கூரம்போல் அமையும். 1999-இல் கனடாவின் எலிசபெத் ஹால்-ஃபின்ட்லே எளிமையாக்கிய செங்குத்துத் தழும்பு முறையில் அடிமடிப்புத் தழும்பு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. நடுத்தர அளவுக்குக் குறைப்பவர்களுக்கு அது நல்ல முறை. மிகப் பெரிய குறைப்புகளுக்கு நங்கூர வெட்டே வசதி என்று கருதும் நிபுணர்கள் பலர். கொழுப்பு உறிஞ்சுதல் மட்டும் போதும் என்ற விளம்பரங்களை நம்பிவிடக் கூடாது. அது கொழுப்பை எடுக்குமே தவிர, சுரப்பித் திசுவையோ தொங்கும் தோலையோ சரிசெய்யாது.

முழு மயக்கத்தில், பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் அறுவை முடிகிறது. தேங்கும் ரத்தமும் நீரும் வெளியேறச் சிலருக்கு ஓரிரு நாள் வடிகுழாய் வைப்பார்கள். நங்கூர வெட்டில் மூன்று தையல் கோடுகள் சந்திக்கும் முனை இழுவிசை மிகுந்தது, ரத்தம் குறைந்தது. அது மட்டும் மெதுவாக ஆறுவது அடிக்கடி காணப்படும் தொல்லை. ரத்தக் கட்டு, கிருமித் தொற்று, காம்பில் உணர்வுக் குறைவு, அரிதாகக் காம்பு இழப்பு ஆகியவற்றையும் அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். நிகோட்டின் நுண் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதால், புகைப்பவர் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நம் ஊரில் புகைப்பழக்கத்தைவிடப் பெண்களிடம் அதிகம் கேட்டறிய வேண்டியது சர்க்கரை நோய். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வராமல் அறுவைக்கு அவசரப்படக் கூடாது. நம் தோலில் தழும்பு தடித்து வளரும் போக்கும் சற்று மிகுதி. காது குத்திய இடம் தடித்த அனுபவம் உள்ளவர்கள் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்வது நல்லது. சிவந்து தெரியும் தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

குழந்தைப்பேறு பற்றிய கேள்வியை இளம்பெண்கள் கேட்கத் தயங்கினாலும் மருத்துவர் தாமே எடுத்துப் பேச வேண்டும். பாலத்தோடு பால் நாளங்கள் ஒட்டியிருந்தால் பால் கொடுக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் போதிய அளவு சுரக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பின்னால் கருவுற்றாலோ எடை கூடினாலோ மார்பகம் மீண்டும் பெருக்கலாம். இத்தனைக்குப் பிறகும், பிளாஸ்டிக் அறுவைகளிலேயே நோயாளிகள் மிகுந்த நிறைவு தெரிவிக்கும் அறுவைகளில் இது ஒன்று. எடை இறங்கியதும் தோள் வலி குறைவதைப் பலர் முதல் சில வாரங்களிலேயே உணர்கிறார்கள்.

சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி ஆகிய அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் அறுவைத் துறைகள் உள்ளன. பணம் இல்லை என்பதற்காக ஆலோசனையே கேட்காமல் இருந்துவிட வேண்டாம். தனியார் காப்பீட்டை நம்புகிறவர்கள், அழகுக்கான அறுவை என்று கோரிக்கை தள்ளப்படாதிருக்க, கழுத்து, தோள் வலிக்காகவும் தோல் புண்ணுக்காகவும் முன்பே எடுத்த சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது பயன்படும்.

வெட்டி எடுத்த திசுவை எடை போட்டு, இடம் வேறு வலம் வேறாகப் பெயர் ஒட்டிய கலங்களில் நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்புவார்கள். வெளியே எந்த அறிகுறியும் காட்டாத புற்றுநோய் அதில் தென்படுவது மிக அரிது. தென்பட்டால் அது எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். அந்த அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே உறையில் போட்டு வைத்திருப்பது அவசியம். ஆறிய திசுவிலும் இறந்துபோன கொழுப்பிலும் சுண்ணாம்புத் துகள் படிவது வழக்கம் என்பதால், 10 ஆண்டு கழித்து மேமோகிராம் எடுக்கும்போது படத்தில் தெரியும் வெண்புள்ளி அறுவையின் மிச்சமா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிய முதலில் கேட்கப்படுவது அந்த உறைதான்.