பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டால்: முதல் 24 மணி நேரமும் அதற்குப் பிறகும்

போலீஸ் மீது புகார் சொல்லத் தனி ஆணையம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. ஐபிசிசி எனப்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் இயங்குகிறது, உண்மை. ஆனால் வீட்டுப் பிள்ளை லோக்காப்பில் உட்கார்ந்திருக்கும் அந்த ராத்திரியில் ஆணையம் வந்து எதையும் நிறுத்திவிடாது. அந்த ராத்திரிக்குக் கைகொடுக்கும் சட்டம் வேறு. பல வருடங்களாகப் புத்தகத்தில் இருக்கிறது, நம் வீடுகளில்தான் தெரிவதில்லை. ஆணையத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன். முதலில் நேரக் கணக்கு.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. வழிப்பயணத்துக்கு ஆகும் நேரம் இதில் சேராது. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குப் பிடித்தால் புதன் இரவு ஒன்பது வரைக்கும்தான் போலீஸின் சொந்த அதிகாரம். அதற்கு மேல் ஒரு நாள் வைத்திருக்க வேண்டுமென்றாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஆகவே பிடித்த நேரத்தை யார் பார்த்தார்களோ அவர்களிடம் கேட்டு உடனே எழுதி வையுங்கள். மறுநாள் போலீஸ் ஒரு நேரம் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நேரம் சொல்வார். எழுதி வைத்தது இருந்தால் லாயர் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்.

மஃப்டியில் வந்தவர்கள் போலீஸ்தானா என்ற சந்தேகம் கோலாலம்பூரில் யாருக்கும் வரும். அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழே. வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்களிடம் எந்த அதிகாரமும் கிடையாது. பெயரையும் அட்டை எண்ணையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறில்லை. கையைத் தட்டிவிடுவது, ஓடுவது, வாக்குவாதத்தில் இறங்குவது எல்லாம் வழக்கை இன்னும் சிக்கலாக்கும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28A என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2006இல் நாடாளுமன்றம் திருத்திச் சேர்த்தது. என்னைக் கேட்டால், கைதானவருக்கு அந்த முதல் நாளில் இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறு இல்லை. ஏன் பிடிக்கிறார்கள் என்ற காரணத்தைக் கூடிய சீக்கிரம் சொல்ல வேண்டும். விசாரணையைத் தொடங்குவதற்கு முன்பே, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கலாம், விருப்பமான லாயரிடம் பேசலாம் என்று போலீஸே சொல்ல வேண்டும். அதற்கான வசதியை இலவசமாகச் செய்து தர வேண்டும். லாயர் வந்து சேரும்வரை நியாயமான நேரத்துக்குக் கேள்விகளைத் தள்ளிப்போட வேண்டும். லாயரும் கைதியும் பேசும்போது போலீஸ்காரர் பார்க்கும் தூரத்தில் நிற்கலாம், முடிந்த அளவு காதில் விழாத தூரத்தில்.

விதிவிலக்கும் உண்டு. கூட்டாளி தப்பிவிடுவான், தடயம் அழிந்துவிடும், சாட்சியை மிரட்டுவார்கள், வேறு யாருக்காவது ஆபத்து என்று போலீஸ் நியாயமாக நம்பினால் அழைப்பை மறுக்கலாம். அதை ஸ்டேஷன் மேசையில் இருக்கும் கோப்பரல் முடிவு செய்ய முடியாது. டிஎஸ்பி தரத்துக்குக் குறையாத அதிகாரி அனுமதித்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். “இப்போ பேச முடியாது” என்று சொன்னால், “எந்த டிஎஸ்பி அனுமதி கொடுத்தார் துவான்?” என்று தணிந்த குரலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர், முகவரி, ஐசி எனப்படும் அடையாள அட்டை விவரம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டி அதே சட்டத்தின் 112ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுக்கும்போது, தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். “கோர்ட்டில் சொல்கிறேன்” என்று சொன்னால் போதும். மலாய் சரியாகப் புரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்குப் போகலாம் என்ற அவசரத்தில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் நிறைய.

ரிமாண்ட்: நாலும் மூணும், ஏழும் ஏழும்

காலையில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் ரிமாண்டுக்கு, அதாவது காவல் நீட்டிப்புக்கு, வந்தவர்களைப் பார்க்கலாம். ஊதா நிற லோக்காப் உடுப்பு, கையில் விலங்கு, வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். பார்த்த அம்மாமார்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அங்கே குற்றவாளியா இல்லையா என்ற விசாரணை நடப்பதில்லை. போலீஸுக்கு இன்னும் நாள் வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆவது பிரிவின் கணக்கு இப்படி. 14 வருடத்துக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள். 14 வருடமோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனையோ உள்ள குற்றம் என்றால் 7 நாள், பிறகு 7 நாள். தண்டனைச் சட்டம் 379ஆவது பிரிவில் சாதாரணத் திருட்டுக்கு 7 வருடம்வரை, ஆகவே நாலும் மூணும். 392ஆவது பிரிவில் கொள்ளைக்கு 14 வருடம்வரை, ஆகவே ஏழும் ஏழும். எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இதற்காகத்தான். பிரிவு எண் தெரிந்தால் பிள்ளை அதிகபட்சம் எத்தனை நாள் உள்ளே இருப்பான் என்பது தெரிந்துவிடும்.

இவை உச்சவரம்பு மட்டுமே. போலீஸ் நாலு நாள் கேட்டால் மாஜிஸ்திரேட் ஒரு நாள் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். கைதானவரோ அவருடைய லாயரோ பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய முதல் இடமும் இதுதான். சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டி, மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு, மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்து வாயை மூடிக்கொண்டு பத்து நாள் கழித்துச் சொன்னால், காயம் எப்போது வந்தது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

லாயருக்குக் காசில்லை என்று விட்டுவிட வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம், ஒய்பிஜிகே, 2012 முதல் மலேசியக் குடிமக்களுக்குக் கைதுக் கட்டத்திலும் ரிமாண்டிலும் லாயர் ஏற்பாடு செய்கிறது. இந்தக் கட்டத்தில் வருமானக் கேள்வி குறுக்கே வராது. வழக்குப் போட்ட பிறகுதான் சம்பளக் கணக்குப் பார்ப்பார்கள்.

ஒரு ஸ்டேஷனில் ரிமாண்ட் முடிந்ததும் இன்னொரு மாவட்டப் போலீஸ் வேறு புகாரைக் காட்டித் திரும்பப் பிடிப்பது நாம் அறிந்த கதை. செந்தூல் ஸ்டேஷனில் விட்டு வாசலிலேயே காஜாங் போலீஸ் பிடிக்கும். இதற்கு முற்றாகத் தடை இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் அவர் எத்தனை நாள் காவலில் இருந்தார் என்பதை, வேறு வழக்காக இருந்தாலும், போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் லாயர் எழுந்து சொல்ல வேண்டும். அதற்குத் தேதிகள் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2001 சிறார் சட்டம் வருகிறது. பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது.

எந்தச் சட்டத்தின் கீழ்?

மேலே சொன்ன நாள்கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. 1985 போதைப்பொருள் சிறப்புத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தால் 60 நாள். போக்கா என்ற குற்றத் தடுப்புச் சட்டத்தில் 21 நாள், பிறகு 38 நாள். சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டத்தில் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு, மாஜிஸ்திரேட்டிடம் போகாமலேயே 28 நாள்வரை நீட்டலாம், லாயரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சொஸ்மாவிலும் உண்டு.

இந்த 28 நாள் நிரந்தரமானது அல்ல. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டித்தால்தான் உயிரோடு இருக்கும். 2022 மார்ச்சில் உள்துறை அமைச்சர் ஹம்ஸா ஸைனுடின் நீட்டிப்புத் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது ஆதரவு 84, எதிர்ப்பு 86. தோற்றுப்போனது. ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அடுத்த கெடு 2027 ஜூலை 31. சொஸ்மாவில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சிறை வாசலில் நிற்கும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். உங்கள் தொகுதி ஒய்பி, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், அந்த இரண்டு வாக்கெடுப்பிலும் எங்கே நின்றார் என்று அவரையே கேளுங்கள், மக்களவையின் ஹன்சார்ட் என்ற பேச்சுப் பதிவிலும் பாருங்கள்.

ஆணையம் என்ன செய்யும், என்ன செய்யாது

2004இல் போலீஸ் படையை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் தலைமை. 2005இல் 125 பரிந்துரைகள் வந்தன. அதில் முக்கியமானது ஐபிசிஎம்சி. போலீஸை வெளியிலிருந்து விசாரித்து, தண்டிக்கவும் கூடிய ஆணையம். அதற்கான மசோதா 2019இல் மக்களவைக்கு வந்து, தெரிவுக் குழுவுக்குப் போய், ஆட்சி மாறியதும் ஓரங்கட்டப்பட்டது. 2020இல் அதன் இடத்தில் ஐபிசிசி மசோதா வந்தது. 2022 ஜூலை 26 அன்று மக்களவையில் நிறைவேறியது. பதினேழு வருடம் காத்திருந்தது ஒன்றுக்கு, கிடைத்தது வேறொன்று.

ஐபிசிசி புகாரை வாங்கும், விசாரிக்கும், சாட்சிகளைக் கூப்பிடும். காவலில் மரணமோ கடுங்காயமோ ஏற்பட்டால் போலீஸே அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தவறு நடந்ததென்று கண்டால் அறிக்கையைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். தண்டிப்பதா வேண்டாமா என்பது அங்கேதான் முடிவாகும். அந்தப் போலீஸ் படை ஆணையத்துக்கு யார் தலைவர்? அரசியலமைப்பின் 140ஆவது விதிப்படி, போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர். தேசியப் போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். சுற்றிச் சுற்றி வந்து அதே மேசை. இன்னொன்றும் உண்டு: போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகளுக்கு, அதாவது உள் விதிகளுக்கு, உட்பட்ட செயல்கள் ஐபிசிசியின் வரம்புக்குள் வராது. அந்த நிலையாணைகள் பொதுமக்கள் படிக்கக் கிடைப்பவையும் அல்ல.

அதற்காகப் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள். ஒரு வெளி அலுவலகத்தில் தேதியோடு கோப்பு திறந்திருப்பது பிறகு உதவும். புக்கிட் அமானின் நேர்மைத் துறையான ஜிப்ஸ், மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இரண்டுக்கும் நகல் அனுப்பலாம். எங்கே போனாலும் முதலில் ஒரு போலீஸ் புகார் வேண்டும். அது எந்த ஸ்டேஷனிலும் செய்யலாம், பிள்ளையைப் பிடித்த ஸ்டேஷனுக்கே போக வேண்டும் என்றில்லை. ஸ்டேஷன் பெயர், எண், ஆண்டு என்று வரும் புகார் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரம் கழித்தும் சத்தமில்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107A பிரிவின்படி, புகார் கொடுத்த ஸ்டேஷனுக்கு எழுத்தில் நிலவரம் கேளுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தும். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம், அவர் போலீஸிடம் விரிவான அறிக்கை கேட்பார். இந்த இரண்டு கடிதங்களை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

காவலில் உயிர் போய்விட்டால் அதே சட்டத்தின் 334ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவித்து மரண விசாரணை நடத்த வேண்டும். குடும்பம் லாயரோடு அதில் கலந்துகொள்ளலாம். பிரேதத்தை எடுத்துக் காரியம் செய்வதற்கு முன்பே இரண்டாவது பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். கொடுமைதான், ஆனால் காலம் கடந்தால் கிடைக்காது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் ஸ்டேஷனில் இறந்த 22 வயது குகன் வழக்கில் முதல் அறிக்கை நுரையீரலில் நீர் கோத்தது என்றது. குடும்பம் கேட்டு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்த இரண்டாவது பரிசோதனைதான் அடித்த காயங்களை வெளியே கொண்டுவந்தது. 2013இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. அது சிவில் வழக்கில் வந்த பணம்.

அப்படிப்பட்ட சிவில் வழக்குக்கும் கெடு உண்டு. 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்து 36 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையத்தின் பதில் வரட்டும், மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் அந்த 36 மாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மூன்றாம் வருடம் பிறக்கும் முன்பே ஒரு லாயரைப் பாருங்கள். போகும்போது பிடித்த நேரம் எழுதிய தாள், ஐஓ என்ற விசாரணை அதிகாரியின் பெயர், புகார் எண்கள், மருத்துவ அறிக்கை, ஐபிசிசிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கிக்கொண்டு போங்கள்.