சோஷியல் வெல்பீயிங்: தமிழில் என்ன சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி கையில் தாளோடு வந்தாள். பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு வேலை கிடைத்திருக்கிறதாம், முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் ‘சோஷியல் வெல்பீயிங்’ எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்க்க வேண்டுமாம். "அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் போதும் சார். ஆனா பிள்ளையைக் கொண்டு விடறதும் கூட்டிவர்றதும் ஆயாதானே, அவங்களுக்கு நாலு வரி தமிழ்ல வேணும்" என்றாள். ஆயா என்றால் இங்கே பாட்டி.

நாலு வரிதானே என்று வாங்கிக்கொண்டேன். முதல் வரியிலேயே மாட்டினேன்.

வெல்பீயிங் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. வெல் என்றால் நன்றாக, பீயிங் என்றால் இருத்தல். இத்தாலியில் பெனெஸ்ஸெரே என்பார்கள், அங்கேயும் இதே இரண்டு துண்டுதான். இங்கே ஜூலு மொழியில் இன்ஹ்லலகஹ்லே: ஹ்லல என்றால் உட்கார், தங்கு, வாழ்; கஹ்லே என்றால் நன்றாக. நம்மிடமும் இது இல்லாமல் இல்லை, நாம் அதைப் பெயர்ச்சொல்லாக வைத்துக்கொள்ளாமல் வாழ்த்தாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். காலில் விழுந்து எழுந்தால் ஆயா சொல்வது என்ன? "நல்லா இரு."

அதோடு ‘சோஷியல்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தைப் பாருங்கள். நோய் இல்லை என்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலாலும் மனதாலும் சமூகத்திலும் முழுமையாக நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று அதில் எழுதிவைத்தார்கள். உடல்நலம், மனநலம் இரண்டும் தமிழில் சுகமாக உட்கார்ந்துவிட்டன. மூன்றாவதுதான் தகராறு.

‘சமூக நலம்’ என்று போட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயரை அரசாங்கம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் சமூக நலத் துறை என்றால் உதவித்தொகை, இங்கே அந்தச் சொல்லைக் கேட்ட ஆயா "கிராண்ட் வருதா?" என்றுதான் கேட்பார். சரி, ‘நல்வாழ்வு’? அது மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் போய்விட்டது, மருந்து வாசனை அடிக்கிறது. வெறும் ‘நலம்’ என்றால் கடிதத்தின் முதல் வரி.

அப்புறம் குறளைப் புரட்டினேன். சிற்றினம் சேராமை அதிகாரத்தில், 457ஆவது குறள்: ‘மனநலம் மன்னுயிர்க்கு ஆக்கம் இனநலம் எல்லாப் புகழும் தரும்.’ மனநலத்துக்குப் பக்கத்திலேயே இனநலம்! இங்கே இனம் என்பது சாதியும் இல்லை, தோலின் நிறமும் இல்லை. யாரோடு சேர்ந்திருக்கிறோமோ அந்தக் கூட்டம். ஒரு பிள்ளையின் சோஷியல் வெல்பீயிங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது, சந்தோஷத்தில் ஒரு டீ போட்டுக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் புத்தி வந்தது. பிறப்பிலேயே ஆளுக்கொரு இனம் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்துவைத்த நாடு இது, சாட்ஸ்வொர்த்தே இந்தியர்களை ஒதுக்கிவைக்கக் கட்டிய ஊர். இங்கே ‘இனநலம்’ என்று அச்சடித்த தாளை யாரிடம் நீட்டுவது? நல்ல சொல், காலம் கெடுத்துவிட்டது.

சொல்லை விட்டுவிட்டு, நீ போய் என்னதான் பார்க்கப் போகிறாய் என்று அவளையே கேட்டேன். இடைவேளையில் பிள்ளை தனியாக நிற்கிறதா, யாரோடு விளையாடப் பிடிக்கும் என்று கேட்டால் ஒரு பெயராவது சொல்கிறதா, டீச்சரிடம் போய் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் துணிகிறதா, இதெல்லாம்தான். பல நாடுகளில் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாளையும் காட்டினாள், 25 வாசகங்கள், 1997இல் ராபர்ட் குட்மேன் என்ற மனநல மருத்துவர் வெளியிட்டது. பிள்ளைக்கு நல்ல நண்பர் ஒருவராவது உண்டா என்பது அதில் ஒன்று.

இதற்குத் தமிழில் தினமும் புழங்குகிற வினை இருக்கிறதே! "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பழகிடுச்சா?" பழகு. இடமும் பழகும், ஆளும் பழகும், சைக்கிளும் பழகும், ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்று நட்பு அதிகாரத்திலேயே வருகிறது (வள்ளுவர் அங்கே பழக்கம் தேவையில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்கிறார், அது பெரியவர்களுக்கு, ஐந்து வயதுக்குப் பழகத்தான் வேண்டும்). ஆகவே ‘பழகுநலம்’ என்று வைத்தேன். அகராதியில் தேடாதீர்கள், நான் ஒட்டியதுதான். ‘உறவுநலம்’ என்று ஒரு நண்பர் சொன்னார், எனக்குப் பிடிக்கவில்லை, உறவு என்றதும் மாமனும் மச்சானும் வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது ‘டிரான்சிஷன் டு ஸ்கூல்’. டிரான்சிஷன், லத்தீனில் கடந்து போதல். ‘பள்ளி மாற்றம்’ என்று எழுதினால் டி.சி. வாங்கப் போகிறோம் என்று அர்த்தமாகும், ‘கடத்தல்’ என்று எழுதினால் போலீஸ் வரும். ‘பள்ளிப் புகுதல்’ போதும். பள்ளி என்பதே முதலில் படுக்கை, தங்குமிடம், பிறகு துறவிகள் உறைந்த இடம். பள்ளியறையில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. புதிய இடத்தில் போய்த் தங்கிப் பழகுவது என்று பார்த்தால் தப்பில்லை.

இந்த நாட்டில் அந்தப் புகுதல் ஜனவரி வெயிலில், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பில். ஆர் என்பது ரிசெப்ஷன். தமிழ்நாட்டுக்காரருக்குக் கல்யாணப் பந்தல்தான் ஞாபகம் வரும், ‘வரவேற்பு வகுப்பு’ என்றே சொல்லிவிடலாம், அழுதுகொண்டு வரும் பிள்ளைக்குப் பன்னீர் தெளித்தாலும் நல்லதுதான். 2024 செப்டம்பரில் அதிபர் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தம் இந்த வகுப்பைக் கட்டாயமாக்கியது. முன்பு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் கட்டாயம்.

அவள் பதவியின் பெயர் ‘ரிசர்ச் ஃபெல்லோ’. ஃபெல்லோ பழைய நார்ஸ் மொழிச் சொல், சேர்ந்து பணம் போட்ட கூட்டாளி என்று பொருள். நம் பேச்சில் ‘அந்த ஃபெல்லோ’ என்றால் மரியாதை போச்சு. ஆய்வாளர் என்று எழுதினால் காவல் நிலைய ஆய்வாளரும் எட்டிப் பார்க்கிறார். ‘ஆய்வறிஞர்’ என்று எழுதிக் கொடுத்தேன், "அறிஞரா, நானா?" என்று சிரித்துவிட்டு அடித்துவிட்டாள்.

தாளை முதலில் அவளுடைய சொந்த ஆயாவிடம்தான் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ‘பிள்ளைகளின் பழகுநலமும் பள்ளிப் புகுதலும்’ என்று எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். "என்னது, பிள்ளை மத்தப் பிள்ளைங்களோட சேந்து வெளையாடுதான்னு பாக்க வர்றாங்களா?"

ஆமாம் என்றேன். தலைப்புக்குக் கீழே அவர் சொன்னதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம்.