இங்கிலாந்து மசோதாவில் ஸ்காட்லாந்து எம்.பி.க்கு வாக்கு உண்டா?

பிரிட்டனில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இனவெறிக் குற்றச்சாட்டும் கூடவே எழுகிறது. விதி என்ன சொன்னது, இன்று என்ன நிலை என்று தெரிந்தால் எது நியாயமான வாதம், எது பழிச்சொல் என்று பிரித்துப் பார்க்கலாம்.

1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம், லண்டன் வசமே இருக்கவேண்டிய துறைகளை 5-ஆவது அட்டவணையில் பட்டியலிட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம் எல்லாம் அதில் வரும். பட்டியலில் இல்லாத மருத்துவம், பள்ளி, பல்கலைக்கழகம் போன்றவை ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் உள்ள நாடாளுமன்றத்துக்குப் போயின. இங்கிலாந்துக்கோ தனி நாடாளுமன்றம் கிடையாது. அதன் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் லண்டன் மக்களவைதான் சட்டம் இயற்றுகிறது. ஆகவே ஸ்காட்லாந்து எம்.பி. இங்கிலாந்தின் கல்விக் கட்டணத்துக்கு வாக்களிக்கலாம், ஸ்காட்லாந்தின் கட்டணத்தில் இங்கிலாந்து எம்.பி.க்கு வாக்கில்லை. ஸ்காட்லாந்து லேபர் எம்.பி. டாம் டால்யெல் 1977-இலேயே இதைக் கேட்டார். அவர் தொகுதியின் பெயரால் இது 'வெஸ்ட் லோதியன் கேள்வி' ஆயிற்று. 2004 ஜனவரியில் கல்விக் கட்டண மசோதா 316-311 என்று ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் தப்பியபோது, ஸ்காட்லாந்து லேபர் எம்.பி.க்களின் ஆதரவு இல்லாமல் அது தப்பியிருக்காது.

2015 அக்டோபரில் மக்களவை தன் நிலையாணைகளை, அதாவது அவை நடத்தை விதிகளை, திருத்தியது. மசோதாவோ அதன் ஒரு பிரிவோ இங்கிலாந்துக்கு மட்டும், அல்லது இங்கிலாந்து-வேல்ஸுக்கு மட்டும் உரியதா என்று சபாநாயகர் சான்றளிப்பார். அந்தப் பொருள் ஸ்காட்லாந்து போன்ற தனி அவை உள்ள ஒரு பகுதியில் பகிரப்பட்ட அதிகாரத்துக்குள், அதாவது லண்டன் அந்த அவைக்கு விட்டுக்கொடுத்த அதிகாரத்துக்குள், வருவதாகவும் இருக்கவேண்டும். அப்படிச் சான்று பெற்றவை, மக்களவையின் கடைசி வாக்கெடுப்பான மூன்றாம் வாசிப்புக்கு முன், அந்தப் பகுதி எம்.பி.க்களின் தனிக்குழுவில் ஒப்புதல் பெறவேண்டும். மற்றவர்கள் அங்கே பேசலாம், வாக்களிக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் வாசிப்புகளில் எல்லாரும் வாக்களித்தார்கள்.

பலர் தவறவிடும் இடம் இதுதான்: அந்த விதி இங்கிலாந்து எம்.பி.க்களுக்குத் தடுக்கும் உரிமையைத் தந்ததே தவிர, தாங்களாக ஒன்றை நிறைவேற்றும் உரிமையைத் தரவில்லை. 2016 மார்ச்சில் ஞாயிற்றுக்கிழமைக் கடை நேரத்தைத் தளர்த்தும் திட்டம் 317-286 என்று தோற்றது. அது இங்கிலாந்து-வேல்ஸ் விவகாரம். ஆனால் எல்லா எம்.பி.க்களும் கலந்துகொண்ட வாக்கெடுப்பு அது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினரும் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

அவர்கள் பக்கத்திலும் வலுவான காரணம் இருந்தது. பார்னெட் சூத்திரப்படி, பகிரப்பட்ட துறைகளில் இங்கிலாந்துக்கான செலவு கூடினால் குறைந்தால் ஸ்காட்லாந்தின் மானியமும் மாறும். சிறு விளைவுகளையும் பின்விளைவுகளையும் சபாநாயகர் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதால், 'எங்கள் பணம் குறைகிறது, எங்களுக்கு வாக்கில்லையா?' என்று அவர்கள் கேட்டது நியாயமே.

இனி துவேஷக் குற்றச்சாட்டு. விதி பார்த்தது தொகுதியை, பிறப்பை அல்ல. எடின்பரோவில் பிறந்த டோனி பிளேர் செட்ஜ்ஃபீல்டு எம்.பி.; அந்த விதி அவர் காலத்தில் இருந்திருந்தால் அவர் இங்கிலாந்து எம்.பி.யாகவே எண்ணப்பட்டிருப்பார். ஆகவே தொகுதியை வைத்து வாக்குரிமையைக் கேள்வி கேட்பதை இனத் துவேஷம் என்பது தவறு. 'ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்களை ஆளக்கூடாது' என்பது வேறு பேச்சு; அது ஆளின் பிறப்பைக் குறிக்கிறது. 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு 'இனம்' என்பதில் தேசிய மூலத்தையும், அதாவது எந்த நாட்டு வழி வந்தவர் என்பதையும், சேர்க்கிறது. ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் தனித்தனித் தேசிய மூலம் உள்ளவர்கள் என்று நீதிமன்றங்களே ஏற்றிருக்கின்றன. அந்த மூலத்தைக் காரணமாக வைத்து வேலை மறுத்தால் இரு தரப்பாரும் வழக்குத் தொடரலாம். மக்களவைக்குள் பேசியதற்கு வழக்கு வராது, 1689 உரிமைச் சட்டம் காக்கிறது. அங்கே ஒழுங்குபடுத்துவது சபாநாயகர் வேலை.

இடங்களின் கணக்கும் மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு 2005 வரை 72 இடங்கள், பிறகு 59, 2024 முதல் 57. மொத்தம் 650-இல் இங்கிலாந்துக்கு 543. தீவுகளுக்கான ஐந்து தொகுதிகள் தவிர மற்றவை சராசரி வாக்காளர் எண்ணிக்கையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. எனவே 'ஸ்காட்லாந்துக்கு அளவுக்கு மீறிய இடங்கள்' என்ற பழைய புகார் இன்று பெரும்பாலும் பொருந்தாது.

கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்ட அந்த 2015 நடைமுறை 2021 ஜூலை 13 அன்று நீக்கப்பட்டது. இன்று எந்த எம்.பி.யும் எந்த மசோதாவிலும் வாக்களிக்கலாம். ஒரு மசோதா எந்தப் பகுதிக்கானது என்று அறிய, அதனுடன் வரும் விளக்கக் குறிப்பின் பிற்சேர்க்கையைப் பாருங்கள். சட்டம் 'நீளும்' பகுதியும் (எந்தப் பகுதியின் சட்டத்தில் அது சேர்கிறது) 'பொருந்தும்' பகுதியும் (நடைமுறையில் எங்கே விளைவு தருகிறது) அங்கே தனித்தனியாக இருக்கும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நீளும் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தலாம். முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.